மார்ச் மாதத்துப் பொன்னெழுத்து

"ஏணியை ஆட்டாதே."

"நான் ஆட்டலை சார். தரை வழுக்குது."

"வழுக்கத்தான் செய்யும். மெழுகு போட்டது யார்?"

கோதண்டராமன் ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். மெழுகு போட்டது அவரேதான். பெம்பர்டன் கல்லூரியின் கூடைப்பந்து அரங்கத்துக்கு அவர் காவலாளி, துப்புரவாளர், விளக்குப் போடுகிறவர், வாளி வைக்கிறவர் எல்லாம். கல்லூரி என்றதும் நம்மூர் காலேஜை நினைக்க வேண்டாம். ஆக்லாந்தில் பதின்மூன்று வயசுப் பிள்ளை போகிற பள்ளிக்கூடத்துக்கே அந்தப் பெயர்தான். அவர் மகள் அபர்ணாவும் அங்கேதான் ஏழாம் ஃபார்ம், அதாவது கடைசி வருஷம் படித்தாள்.

திருச்சியில் இருபத்திரண்டு வருஷம் வங்கிகளில் தணிக்கை பண்ணியவர் கோதண்டராமன். அந்த அனுபவத்துக்கெல்லாம் மார்க் போட்டுக் கூட்டிப் பார்த்துத்தான் இந்த நாடு விசா கொடுத்தது. வந்து இறங்கியதும், 'உள்ளூர் அனுபவம் இருக்கிறதா?' என்று கேட்டது. இல்லாததால் கையில் துடைப்பத்தைக் கொடுத்தது.

ஏணி மேலே நின்றவர் பெர்ட். எண்பது வயசு, கல்லூரியின் பழைய மாணவர். சுவரில் ஆள் உயரத்துக்கு மேலே ஒரு தேக்குப் பலகை. பெண்கள் அணி எந்த வருஷம் என்ன செய்தது என்று அதில் பொன் இலை ஒட்டி எழுதுவது அவருடைய தொண்டு. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக வைத்தார். கீழே நின்ற கோதண்டராமன் கூட்டிப் படித்தார்.

'1996. அரையிறுதியில் தோல்வி.'

"பெர்ட், ஒரு சின்னத் தப்பு."

"எழுத்துப் பிழையா?"

"எழுத்தெல்லாம் சரி. ஆனா தொண்ணூத்தாறாம் வருஷப் போட்டி இன்னும் நடக்கலையே? இது மார்ச். போட்டி ஆகஸ்ட்ல."

"தெரியும்."

"அப்புறம் எப்படித் தோல்வின்னு…"

பெர்ட் தூரிகையை வாயில் கவ்விக்கொண்டு கீழே பார்த்தார். பாவம், புது ஆள் என்கிற பார்வை.

"ஆகஸ்டில் மழை. காற்றெல்லாம் ஈரம். பசை காயாது, பொன் ஒட்டாது. மார்ச்சில்தான் சட்டென்று காயும். ஏணியைப் பிடி."

வருகிற தேதியை முன்கூட்டிப் போட்டுக் கையெழுத்து வைத்த மேனேஜர்கள் எத்தனையோ பேரைக் கோதண்டராமன் பிடித்திருக்கிறார். அவர்களெல்லாம் லாபத்துக்காகச் செய்தவர்கள். தோல்வியை முன்கூட்டி எழுதி வைக்கிற ஒரு ஸ்தாபனத்தை அவர் அன்றைக்குத்தான் பார்த்தார்.

*

சாயங்காலம் கார் நிறுத்துமிடத்தில் நவரத்தினத்தைப் பிடித்தார். யாழ்ப்பாணத்துக்காரர். பெற்றோர் சார்பில் நிர்வாகக் குழுவில் இருந்தார். அதைவிட முக்கியமாக, போட்டி வரலாற்றுக் குழுவிலும் இருந்தார். யாரும் கட்டச் சொல்லாத கல்லூரி டையை ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் கட்டிக்கொண்டு வருவார்.

"ஓம், அறுபத்தொண்டிலயிருந்து அப்பிடித்தான். மாசியிலை குழு கூடும், முடிவெடுக்கும். பங்குனியிலை பெர்ட் எழுதுவார். ஆவணியிலை பிள்ளையள் விளையாடுவினம்."

"இதுவரைக்கும் தப்பினதே இல்லையா சார்?"

"ஒருக்கா. எழுபத்து நாலிலை. பலகையிலை காலிறுதியிலை தோல்வி எண்டு கிடக்குது, பிள்ளையள் முதல் சுற்றிலையே தோத்துப் போச்சினம்."

"அச்சச்சோ. என்ன பண்ணினாங்க?"

"வேறை ஒரு பள்ளிக்கூடத்தைக் கெஞ்சிக் கூத்தாடி, தனியா ஒரு காலிறுதி வைச்சு, அதிலையும் தோத்தவை. எவ்வளவு மினக்கெட்டிருப்பினம் எண்டு யோசிச்சுப் பாருங்கோ! அதுதான் பாரம்பரியம்."

"சரி, ஏன் அரையிறுதி?"

நவரத்தினத்துக்கு இந்தக் கேள்வி பிடித்துவிட்டது. காரின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டார்.

"இஞ்ச பாருங்கோ கோதண்டராமன். முதல் சுற்றிலை தோத்தால் சிரிப்பினம். வெண்டால் அடுத்த வருசமும் வெல்லச் சொல்லுவினம். அரையிறுதியிலை தோக்கிறது இருக்கே, அது பண்பான தோல்வி. ஒருத்தரும் சிரியாயினம், ஒருத்தரும் எதிர்பாராயினம். ஆரும் பெரிய மனிசர் வந்தாலும் நிமிர்ந்து நிண்டு காட்டலாம்."

"ஜெயிச்சுட்டா?"

"என்ன விசர்க் கதை கதைக்கிறியள்?" நவரத்தினம் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

வீட்டில் அன்னத்திடம் சொன்னார். அவள் பென்ரோஸில் ஒரு கிடங்கில் குழாய் மூட்டுகளை எண்ணிப் பெட்டி கட்டுகிறவள். வீடு இருக்கும் மனுரேவா வரைக்கும் ரயிலில் நின்றுகொண்டே வந்த கால் வலியில் பாதிதான் காதில் விழுந்தது.

"ஏங்க, எழுதினா எழுதிட்டுப் போறாங்க. பந்து என்ன பலகையப் படிச்சுட்டா உள்ள விழுது?"

அபர்ணா அதைவிடச் சுருக்கமாகச் சொன்னாள். "அப்பா, அது ஜஸ்ட் பெயின்ட்."

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ஆக்லாந்து மாகாண அணிக்கு ஆள் எடுப்பவர்கள் எல்லா ஆட்டத்துக்கும் வர மாட்டார்கள், இறுதி ஆட்டத்துக்கு மட்டும்தான் வருவார்கள். அவர்கள் கண்ணில் ஒரு தரம் பட்டால் போதும். அதற்கு முதலில் அரையிறுதியில் ஜெயிக்க வேண்டும். அடுத்த வருஷம் என்பது அவளுக்குக் கிடையாது.

*

அந்த வருஷ அணி வரலாற்றுக் குழுவுக்குப் பெரிய சோதனையாக வந்து சேர்ந்தது. சமோவா, டோங்கா வீட்டுப் பெண்கள் மூன்று பேர், ஆளுக்கு ஆறடி. கைக்கு வந்த பந்தை விட மாட்டார்கள். அவர்கள் தோளுக்குக் கீழே ஓடுகிற குட்டைப்பெண் அபர்ணா. வளையத்துக்கு இடது பக்கம், ஆறேழு தப்படி தள்ளி, அவளுக்கென்று ஓர் இடம். அங்கே இடது காலை ஊன்றி எறிந்தால் பத்தில் எட்டு உள்ளே. முதல் சுற்றில் ஜெயித்தார்கள். குழு கைதட்டியது. காலிறுதியில் இருபது புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். குழு மெதுவாகக் கைதட்டியது. மறுநாள் காலை அவசரக் கூட்டம்.

அதற்கடுத்த நாள் தலைமை ஆசிரியர் கிரிம்ஷா மாணவர்களைக் கூட்டிப் பேசினார். அவர் பேசியது இங்கிலீஷ்தான். கோதண்டராமன் காதில் மட்டும் அது சுற்றறிக்கைத் தமிழாக வந்து விழும்.

"மாணவர்களே, வெற்றி பெறுவது எளிது. அதற்குத் தேவை திறமை ஒன்றே. ஆனால் ஒரு நிறுவனத்தின் எதிர்பார்ப்புக்குச் சரியாக, கூடாமலும் குறையாமலும் நடந்துகொள்வதற்குப் பண்பு தேவை. முப்பத்தைந்து ஆண்டுகளாக நம் அணியில் எவரும் தன்னைப் பெரிதாக நினைத்ததில்லை. அப்படி நினைக்க நாம் வாய்ப்பளித்ததுமில்லை."

எல்லாரும் கைதட்டினார்கள். ஆறடிப் பெண்களும் தட்டினார்கள்.

பிறகு உத்தரவுகள் வந்தன. அரங்கத் தரை பாரம்பரியச் சொத்து, ஆகவே தினமும் மெழுகு போட வேண்டும். மெழுகு காயும்வரை பயிற்சி கூடாது. மெழுகு காய ஒரு நாள் ஆகும். கோதண்டராமன் இதைத் திருப்பித் திருப்பிப் படித்தார்.

"சார், தினமும் மெழுகு போட்டா, பயிற்சி எப்பப் பண்ணுவாங்க?"

"அதைத்தான் குழுவும் கவலையோடு விவாதித்தது," என்றார் கிரிம்ஷா.

பெண்கள் மழையில் கார் நிறுத்துமிடத்தில் பழகினார்கள். வளையத்துக்குப் பதில் ஒரு குப்பைத் தொட்டி. குறி இன்னும் கூர்மையாயிற்று.

அடுத்தது செருப்புச் சோதனை. ஒவ்வொரு ஆட்டக்காரியின் காலணியையும் வெள்ளைத் தாளில் தேய்த்துப் பார்ப்பார்கள், கோடு விழுந்தால் அரங்கத்துக்குள் அனுமதி இல்லை. மூன்று ஆறடிப் பெண்களின் காலணிகளும் தோற்றன. பெரிய கால், நிறையத் தாள் வேண்டியிருந்தது என்று குறிப்பிலேயே எழுதினார்கள். கோதண்டராமன் அந்த ஆறு காலணிகளையும் வீட்டுக்குக் கொண்டுபோய், சமையல் தொட்டியில் போட்டு, புளியும் சோடா உப்பும் வைத்துத் தேய்த்தார்.

"வெளக்கு வெளக்குற மாதிரில்ல வெளக்குறீங்க!" என்றாள் அன்னம். "சாம்பார் வாசனை வருது."

"வாசனைக்கு விதி இல்லை."

மறு சோதனையில் கோடு விழவில்லை. குழு தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது. மோந்தும் பார்த்தது. வேறு வழியில்லாமல் கையெழுத்துப் போட்டது.

கடைசியில் கோதண்டராமனையே கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். பழைய தணிக்கைக்காரராயிற்றே, சிக்கலுக்கு வழி சொல்லட்டும் என்று.

"வழி சுலபம் சார். ஒருவேளை ஜெயிச்சா, பலகைல ரெண்டு வார்த்தையை மாத்திடலாம். ஹீட்டர் வெச்சா ஆகஸ்ட்லயும் காயும். நானே ஏணியப் பிடிக்கிறேன்."

ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நவரத்தினம், தம் இனத்தானால் தமக்கு வந்த தலைகுனிவு என்பதுபோல மேஜையைப் பார்த்தார்.

கிரிம்ஷா மிகவும் மென்மையாகச் சொன்னார்: "திரு. ராமன், எழுதப்பட்ட பதிவைத் திருத்துவது மோசடி. தணிக்கையாளரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை."

இருபத்திரண்டு வருஷம் இதே வாக்கியத்தைக் கோதண்டராமனே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறார்!

கிளம்புமுன் இன்னொரு காரியமும் கேட்டார். "அந்தக் கூரை ஒழுக்கு சார். மூணு கடுதாசி போட்டேன். சரியா இடது பக்கம், பிள்ளைங்க பந்து எறியிற இடத்துல சொட்டுது."

"அது ஐம்பத்தொன்பதாம் ஆண்டு ஒழுக்கு. நம் புகழ்பெற்ற முதல் ஆட்டத்தின்போதே இருந்தது. அதில் யாரும் கை வைக்க முடியாது."

*

அரையிறுதி ஆகஸ்ட் மாதம் ஒரு வியாழக்கிழமை, நாலு மணிக்கு. ஊற்று ஊற்றென்று மழை. அன்னம் அரை நாள் லீவு போட்டு, கிடங்குச் சட்டையோடே வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தாள். ஆட்டத்துக்கு முன்னால் கிரிம்ஷா பலகையை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசித்தார். '1996. அரையிறுதியில் தோல்வி' என்று முடித்தபோது எதிரணிகூட மரியாதையாகக் கைதட்டியது. அந்த அணியில் ஒரு சிறுமி மட்டும், "அப்ப நாம ஜெயிச்சாச்சா?" என்று தன் கோச்சைக் கேட்டாள்.

குளிருக்காகக் கல்லூரி கொடுத்த அரக்கு நிற ஸ்வெட்டரைத்தான் கோதண்டராமன் போட்டிருந்தார். கையில் துணி. வாளியை ஆடுகளத்துக்குள் வைக்க முடியாது. அதனால் ஆட்டம் நிற்கிற போதெல்லாம் ஓடிப் போய் அந்த ஒழுக்குத் தண்ணீரைத் துடைத்துவிட்டு ஓடி வந்தார்.

ஆட்டத்தைச் சொல்லி மாளாது. ஒரு புள்ளி இவர்கள், ஒரு புள்ளி அவர்கள். கடைசி அரை நிமிஷத்தில் முப்பத்தெட்டுக்கு முப்பத்தொன்பது, பெம்பர்டன் ஒன்று கீழே. பந்து எதிர்க்கோடியில். இந்தப் பக்கம் ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று. அபர்ணா கால் ஊன்றுகிற அதே இடத்தில், தினமும் மெழுகு போட்ட தரையில், ஒரு ரூபாய் அகலத்துக்குத் தண்ணீர் மினுங்கியது.

கோதண்டராமன் யோசிக்கவில்லை. ஓடினார், குனிந்தார், துடைத்தார், திரும்பி வந்தார். பந்து இன்னும் அந்தக் கோடியில்தான் இருந்தது.

பிறகு ஆறடிப் பெண் ஒருத்தி பந்தைப் பிடுங்கி நீளமாக வீசினாள். அபர்ணா வந்தாள். இடது காலை அங்கேயே ஊன்றினாள். வழுக்கவில்லை.

நாற்பது, முப்பத்தொன்பது. மணி அடித்தது.

"ஏ அபர்ணா! ஏ தங்கமே! உள்ள போட்டுட்டா பாருங்க!" பெஞ்சின் மேல் ஏறி நின்று அன்னம் கத்தினாள். சமோவாத் தாய்மார்கள் பாஷை தெரியாமலே அவளோடு சேர்ந்து கத்தினார்கள்.

வரலாற்றுக் குழு கைதட்டவில்லை. பலகையைப் பார்த்தது.

பத்து நிமிஷம் கழித்து நடுவரிடம் கல்லூரி ஒரு புகார் கொடுத்தது.

"யார் மீது?" என்றார் நடுவர்.

"எங்கள் மீது."

"நீங்கள்தானே ஜெயித்தீர்கள்?"

"அதைத்தான் ஆட்சேபிக்கிறோம்."

புகார் ஏற்கெனவே டைப் அடித்துத் தயாராக இருந்தது. காரணத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். அதில் இப்போது பேனாவால் நிரப்பியிருந்தார்கள்: கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கையில், அணியின் நிறத்தில் உடையணிந்த ஆறாவது நபர் ஒருவர் ஆடுகளத்தில் மூன்று வினாடி இருந்தார்.

கோதண்டராமனைக் கூப்பிட்டார்கள். கழுத்தில் துண்டோடு அபர்ணா கொஞ்சம் தள்ளி நின்றாள். நடுவர் நல்ல மனுஷர். கேட்கும்போதே, வேண்டாம் என்று தலையை லேசாக ஆட்டினார்.

"ஐயா, நான் கவனிக்கவில்லை. வேறு யாரும் சரியாகப் பார்த்ததாகவும் தெரியவில்லை. நீங்கள் இல்லை என்று சொன்னால் இதோடு முடிந்தது. கடிகாரம் ஓடும்போது நீங்கள் உள்ளே இருந்தீர்களா?"

கோதண்டராமன் மகளைப் பார்த்தார். அவள் கண்ணைக் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் தாளைப் பார்த்தார். தாளைப் பார்த்ததுதான் தப்பு. எண் கண்ணில் பட்டுவிட்டது.

"இருந்தேன் சார். ஆனா மூணு இல்லை. நாலு வினாடி."

கிரிம்ஷா மூன்றை அடித்து நாலு என்று போட்டு, பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்தும் வைத்தார். ஆட்டம் எதிரணிக்குப் போயிற்று.

நவரத்தினம் ஓடி வந்து கோதண்டராமன் கையைப் பிடித்துக் குலுக்கினார். "எங்கட ஆக்களின்ரை நேர்மை வேறை ஆருக்கு வரும்! தலைமை வாத்தியாருக்கே கண் கலங்கிப் போச்சு!"

அன்னம் கிடங்குச் சட்டையின் பித்தானைப் போட்டுக்கொண்டு, வெளியே மழையில் போய் நின்றாள்.

ரயிலில் அபர்ணா அழவில்லை.

"அப்பா, நீங்க துடைக்கலன்னா நான் விழுந்திருப்பேன்ல?"

"ஆமா."

"விழுந்திருந்தா தோத்திருப்போம்."

"ஆமாம்மா."

"அப்ப நீங்க என்ன பண்ணியிருக்கணும்?"

மனுரேவா வரைக்கும் எட்டு ஸ்டேஷன். கோதண்டராமன் எட்டு ஸ்டேஷனும் யோசித்தார்.

டிசம்பரில் அபர்ணா அம்மாவோடு பென்ரோஸ் கிடங்குக்குப் போனாள். "ஹாலிடே ஜாப்தான்," என்றாள். மார்ச்சிலும் போய்க்கொண்டிருந்தாள். புளி போட்டுக் கழுவிய அந்தப் பெரிய காலணி ஒரு ஜோடி மட்டும், திருப்பிக் கொடுக்க மறந்து, வீட்டு வாசலிலேயே கிடந்தது.

*

"ஏணியை ஆட்டாதே."

"ஆட்டலை பெர்ட்."

தொண்ணூற்றேழு மார்ச். கோதண்டராமன் இப்போது வரலாற்றுக் குழுவில் உறுப்பினர். நேர்மைக்கான மரியாதை. மாசி மாதக் கூட்டத்தில் தேநீர் போட்டுக் கொடுத்ததும் அவரேதான். பெர்ட்டுக்கு எண்பத்தொன்று. அடுத்த வருஷம் ஏணி ஏற முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகவே குழு ஒருமனதாக ஒரு தீர்மானம் போட்டது: பலகையில் மீதி இருக்கிற ஒன்பது வரிகளையும் பெர்ட் இந்த மார்ச்சிலேயே எழுதி முடித்துவிடட்டும்.

"எல்லாத்துக்கும் ஒரே வாசகம்தானே?" என்று கேட்டுக்கொண்டார் பெர்ட். "நல்லது. கை பழகிவிடும்."

மூன்றாம் நாள் ஐந்தாவது வரியில் வருஷத்தைப் போட்டு முடித்திருந்தார். அப்போது நவரத்தினம் தம் மகள் விஷாலினியை அழைத்துக்கொண்டு வந்தார். புதுச் சீருடை, மூன்றாம் ஃபார்ம், அதாவது முதல் வருஷம், கையில் பந்து. அந்தக் காலையில்தான் சின்னவர்கள் அணிக்கு எடுத்திருந்தார்கள். நவரத்தினத்துக்கு நெஞ்சு டையைத் தள்ளிக்கொண்டு நின்றது.

"பாத்தியே பிள்ளை, எங்கட வரலாறு!"

விஷாலினி அண்ணாந்து படித்தாள். விரல் விட்டு எண்ணினாள். மூன்று, நாலு, ஐந்து, ஆறு, ஏழு.

"டாட், டூ தௌசண்ட் ஒன். தட்ஸ் மீ! நான் செவன்த் ஃபார்ம்!"

அவள் அந்த வரியின் மிச்சத்துக்காகக் காத்து நின்றாள். பெர்ட் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக வைத்தார். முடித்ததும் அவள் வாய்விட்டுப் படித்தாள். பந்தைத் தட்டுவதை நிறுத்திவிட்டாள்.

"பட் டாட்… நான் இன்னும் விளையாடவே இல்லையே?"

நவரத்தினம் டையைத் தளர்த்தினார். பண்பான தோல்வி பற்றி ஏதோ சொல்லத் தொடங்கி, பாதியில் விட்டார். ஏணிப் பக்கம் நெருங்கி வந்து, மகளுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"கோதண்டராமன்… உந்த ஒரு வரியை மட்டும் அழிக்கேலாதோ? பொன் காயிறதுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்?"

கோதண்டராமன் ஏணியை விடாமல் மேலே பார்த்தார்.

"மார்ச் மாசம் சார். அது அப்பவே காஞ்சிடுச்சு."